நிறையாத பேட்ஜ்

இத்தனை வருஷ உத்தியோகத்தில் தண்டாயுதபாணி பேட்ஜை முறைப்படி சட்டையில் குத்திக்கொண்டு வேலைக்கு இறங்கியது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கே அதைச் சட்டையோடு சேர்த்து வேகவைத்துவிட்டான்.

சங்ககிரிக்கு வெளியே, கோயமுத்தூர் சாலையை ஒட்டிய பட்டறை அது. கேஸ் ஏற்றுகிற புல்லட் டேங்கர்களுக்கு அங்கே உடம்பு கட்டுவார்கள். பழசுக்கு வைத்தியமும் பார்ப்பார்கள். வெல்டிங் வைத்த இடத்திலெல்லாம் உள்ளுக்குள் கீறல், பொத்தல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே பிடித்துப் பார்த்த பிறகுதான் வண்டி ரோட்டில் இறங்கலாம். மனுஷன் கீழே விழுந்து எழுந்தால்தான் அவனுக்கு எக்ஸ்ரே. டேங்கருக்கு அப்படியில்லை, சும்மா நின்றாலும் ராஜ மரியாதை.

அந்த எக்ஸ்ரே பிடிக்கிறதுதான் தண்டாயுதபாணியின் வேலை. ஆஸ்பத்திரியில் இருக்கிற மாதிரி ஆள் உயர மெஷின் எதுவும் கிடையாது. தூக்கினால் தோள் இறங்கிவிடுகிற ஒரு பெட்டி, அதற்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கதிர் வீசுகிற ஒரு சங்கதி. கனமான தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கைப்பிடியைச் சுற்றினால் அது குழாய் வழியாக வெளியே போய் வெல்டிங் ஓரத்தில் உட்காரும். மறுபக்கம் ஒட்டிவைத்த ஃபிலிமில் படம் விழும். திரும்பச் சுற்றினால் சமர்த்தாக வந்து பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும். அது வெளியே உட்கார்ந்திருக்கும்வரை சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருக்கக் கூடாது. அதன் கதிர் கண்ணுக்குத் தெரியாது, சுடாது, நாறாது. அப்படிப்பட்ட ஒன்றுக்கு யார்தான் பயப்படுவார்கள்?

யார்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று பார்க்கத்தான் பேட்ஜ். தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்க ஆய்வகத்துக்குப் போகும். அங்கே அதைச் சோதித்து, இன்னாருக்கு இவ்வளவு என்று பதில் அனுப்புவார்கள். அளவு மீறியிருந்தால் ஆளை வேலையிலிருந்து இறக்கி நிறுத்திவிட வேண்டும். பட்டறைக்காரர்கள் இதைத் தங்களுக்குத் தெரிந்த மாதிரி புரிந்துகொண்டார்கள். காலமெல்லாம் டேங்கரோடு மாரடிக்கிறவர்கள் அல்லவா. டேங்கர் நிறைகிற மாதிரி பேட்ஜும் நிறையும். நிறைந்தால் ஆள் வீட்டுக்கு. ஆகவே, பேட்ஜை நிறையவிடாமல் காப்பாற்றுவதுதான் தொழில் சுத்தம் என்று ஆகிப்போனது. "பேட்ஜ் நிறையாம பாத்துக்கப்பா" என்பதுதான் புதிதாக வேலைக்குச் சேருகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம்.

நிறையாமல் இருக்க ஆகச் சிறந்த இடம் முதலாளி சந்திரசேகரின் மேஜை டிராயர். ஸ்டாப்ளர் பின், தலைவலி மாத்திரை, பழைய சாவிக்கொத்து இவற்றோடு பட்டறையின் எல்லா பேட்ஜுகளும் அங்கே நிம்மதியாகப் படுத்துக் கிடந்தன. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊர் சுற்றிவிட்டு, ஒன்றுமில்லை என்ற நற்சான்றிதழோடு திரும்பி வந்தன. மனுஷர்களில் அவ்வளவு ஆரோக்கியமானவர்களைத் தண்டாயுதபாணி பார்த்ததில்லை.

அப்படியிருக்க, இந்தத் தொழில் செய்கிறவர்களின் உடம்பையும் பட்டறையைச் சுற்றியுள்ள மண்ணையும் தண்ணீரையும் ஆராய்ச்சி செய்ய மத்திய அரசின் குழு ஒன்று வருவதாகத் தகவல் வந்தது. சந்திரசேகர் டிராயரைத் திறந்து, பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குக் கொடி குத்திவிடுகிற மாதிரி, ஒவ்வொருத்தர் நெஞ்சிலும் தன் கையாலேயே பேட்ஜைக் குத்திவிட்டார்.

வைகாசி வெயில். டேங்கருக்குக் கீழே படுத்து ஃபிலிம் ஒட்டி முடிப்பதற்குள் தண்டாயுதபாணியின் சட்டை பிழிகிற மாதிரி நனைந்துவிட்டது. கழற்றி டேங்கர் ஏணியில் காயப்போட்டான். பனியனோடு சுவருக்கு வெளியே வந்து, கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கூட்டாளி காளிதாஸிடம், "சுத்துப்பா" என்றான். காளிதாஸ் சுற்றினான். நீளமான படம், நெடுநேரம் பிடித்தது. சட்டை உள்ளேயே இருக்கிறது என்பது தண்டாயுதபாணிக்கு நினைவு வந்தபோது பொட்டலத்தில் தொலிதான் மிச்சம்.

"ஏண்ணா, சட்டை?" என்றான் காளிதாஸ்.

"காயட்டும். இஸ்திரி மிச்சம்."

அதையே போட்டுக்கொண்டு போய் ஆராய்ச்சிக் குழுவின் முன்னால் நின்றான். குழுவின் தலைவி டாக்டர் ரஞ்சனி, ஆத்தூர்ப் பக்கத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். அவளுடைய ஆட்கள் கையில் ஒரு கருவியோடு பட்டறையைச் சுற்றி வந்தார்கள். அது சிள்வண்டு மாதிரி சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. மண்ணை அள்ளினார்கள்; போர் தண்ணீரைப் புட்டியில் பிடித்தார்கள்.

"பேட்ஜ் தினமும் போடுவீங்களா?" என்று கேட்டாள் ரஞ்சனி.

"குளிக்கறப்ப மட்டும் கழட்டுவனுங்க மேடம்."

பட்டறையே சிரித்தது. சந்திரசேகர் எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தார். ரஞ்சனி மட்டும் அவன் பேட்ஜைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய பேட்ஜுக்கு ஒரு தழும்பு, ஓர் அழுக்கு இருக்க வேண்டும் அல்லவா. அது மாப்பிள்ளை மோதிரம் மாதிரி பளபளத்தது.

இரண்டு மாதம் கழித்து ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. தண்டாயுதபாணியின் பேட்ஜ் வாங்கியிருக்கிற கதிர், ஒரு ஆள் பல வருஷத்தில் வாங்கலாம் என்று விட்டுவைத்திருக்கிற அளவையெல்லாம் ஒரேயடியாகத் தாண்டிவிட்டதாம். உடனே வேலையிலிருந்து நிறுத்த வேண்டும், அஸ்தம்பட்டியில் ஆராய்ச்சிக் குழு வைத்திருக்கிற ஆபீசுக்கு அனுப்பி இரத்தம் கொடுக்கச் சொல்ல வேண்டும், விசாரணை உண்டு என்றார்கள்.

சந்திரசேகர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஏப்பா, இத்தன வருசமா டிராயர்ல இருந்து ஒரு வம்பும் இல்ல. ஒரே ஒரு நாளு உன்ற நெஞ்சுல குத்துனேன்."

"ராசி இல்லாத நெஞ்சுங்ணா."

சந்திரசேகரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பட்டறையில் யாருக்காவது கை நசுங்கினால் தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போவார். சீட்டில் இரத்தம் படிந்தால் முகம் சுளிக்க மாட்டார். அவர் மெதுவாகச் சொன்னார்: "வெந்தது சட்டைதான், நீ இல்ல. நடந்தத அப்படியே சொல்லு. அது நெசந்தான? விட்டுருவாங்க. அப்பறம் வந்து வேலையப் பாரு. டிராயர் பேச்சு மட்டும் எடுக்காத. எடுத்தீன்னா பட்டறைய மூடிருவாங்க, அத்தன பேரும் நடுத்தெருவுல."

தண்டாயுதபாணி அஸ்தம்பட்டிக்குப் போய், சட்டைக் கதையைச் சொல்லி, இரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

அந்த வாரங்களில் அவன் பிரபலமானான். "உங்கூட்டுல இனி லைட்டே போட வேண்டாமுங்ணா, நீங்க நடுவுல நின்னாப் போதும்" என்றான் காளிதாஸ். சிரித்தார்கள். தண்டாயுதபாணிதான் முதலில் சிரித்தான். அவனைப் பற்றிய கேலியை அவனைவிட முந்திக்கொண்டு யாரும் ரசித்துவிட முடியாது. டீக்கடை மாரக்காள் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் கொடுத்துவிட்டு அவனுக்கு மட்டும் பேப்பர் கப்பில் நீட்டினாள்.

"பாருங்கப்பா, எனக்கு மட்டும் புது கப்பு" என்றான்.

"கோவிச்சுக்காத சாமி. பச்சப் புள்ளைங்களத் தூக்கிட்டு வாரவங்க கேக்கறாங்க."

"உன்ற மேல எனக்கென்ன கோவம்? கப்பைக் கொண்டு போயி தூரமாப் போடறேன்." ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தான். கப்பைப் போடத் தோதான இடம் எது என்று தெரியாமல் பைக் வரைக்கும் கையிலேயே பிடித்துக்கொண்டு போனான்.

வீட்டில்தான் அவனுடைய தமாஷ் செல்லுபடியாகவில்லை. ஸ்ரீதேவி தேவூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டுகிறவள். நாளெல்லாம் தறிச் சத்தத்தில் நிற்பதால் வீட்டுக்கு வந்தால் குறைவாகத்தான் பேசுவாள். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தடவை உண்டானாள். இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் அவளைத்தான் ஸ்கேன் எடுத்தார்கள், அவளுக்குத்தான் ஊசி போட்டார்கள். தண்டாயுதபாணியின் அம்மா சென்னம்மாள் ஒவ்வொரு நல்லது கெட்டதிலும் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "எங்கூட்டுல யாருக்கும் இப்படித் தங்காமப் போனதில்ல, இவ வவுறு அப்படி" என்று சொல்லுவாள். அந்த நேரத்தில் தண்டாயுதபாணி ஏதாவது தமாஷ் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துப் பேச்சை மாற்றிவிடுவான். பெண்டாட்டிக்குப் பெரிய உபகாரம் செய்ததாக அவனுக்கு எண்ணம். சாயங்காலம் வரும்போது அவளுக்கு ஓர் இளநீர் வாங்கிவருவான். அதற்குமேல் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்."

"சொல்லு புள்ள."

"அந்த பேட்ஜுல பட்டது உங்க மேல படலீங்கறீங்க."

"படல. நான் வெளிய நின்னு கடல தின்னுட்டிருந்தேன். காளிதாஸக் கேளு, அவனுக்குக் குடுக்காம தின்னேன்."

"செரி. பேட்ஜு டிராயர்ல இருந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. டிராயர் கதையை அவளுக்குச் சொன்னவனே அவன்தான். எப்போதோ ஒரு தமாஷாக. அவன் எங்கே இருந்தான்? வேலை நெருக்கடியில் குழாய் சிக்கிக்கொண்டால் கையாலேயே தட்டிச் சரிசெய்திருக்கிறான். சீக்கிரம் முடிய வேண்டும் என்று சுவருக்குப் போகாமல் டேங்கருக்குப் பின்னால் குந்திக்கொண்டே சுற்றியிருக்கிறான். எல்லோரும்தான்.

"நானும் டிராயர்ல எடம் இருக்குதான்னு பாத்தேன் புள்ள. ஸ்டாப்ளர் பின்னு குத்துச்சு."

ஸ்ரீதேவி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ரசக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்திவைத்தாள்.

"எனக்குப் போட்ட ஊசியெல்லாம் போட்டாங்க. ஒருத்தராச்சும் உங்கள என்ன வேல பாக்கறீங்கன்னு கேட்டாங்களா? நீங்களாச்சும் சொன்னீங்களா?" என்றாள். "அதுனாலயா இருக்குமோன்னு எனக்குத் தெரியோணும். ஆமாம்னாலும் செரி, இல்லைன்னாலும் செரி. உங்கம்மா பேசறதுக்குப் பதில் சொல்லறதுக்கில்ல. எனக்குத் தெரியோணும்."

அன்றிலிருந்து தண்டாயுதபாணி கேட்க ஆரம்பித்தான். பட்டறையின் பாதுகாப்பு அதிகாரி என்று பெயரளவில் இருந்த ஒருத்தரைக் கேட்டான். "அளவுக்குள்ள இருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார் அவர். என்னுடைய அளவு எவ்வளவு என்று கேட்டதற்கு, "அது பேட்ஜுதான் சொல்லணும்" என்றார். திருச்செங்கோட்டு டாக்டர், "மனச லேசா வெச்சுக்கங்க, எல்லாம் அவன் கையில இருக்கு" என்று மேலே காட்டினார். மேலே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. சந்திரசேகர், "நானும்தான் அதே பட்டறையில உக்காந்திருக்கிறேன், எனக்கு மூணு புள்ளைங்க இல்லையா?" என்றார். அவர் உட்கார்ந்திருந்தது டிராயருக்குப் பக்கத்தில் என்று தண்டாயுதபாணி சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்த தமாஷை அவன் விழுங்கியது அதுவே முதல் தடவை.

ஆடி முடிகிற சமயத்தில் அஸ்தம்பட்டியிலிருந்து கூப்பிட்டார்கள். வீட்டம்மாவையும் அழைத்து வரலாம் என்றார்கள். ஸ்ரீதேவி தறிக்கு லீவு சொன்னாள். சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவன் இரண்டு தடவை வாயைத் திறந்தான். எதிரே போன எரிவாயு டேங்கரைப் பார்த்து, "நான் எடுத்த படம் போவுது பாரு" என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

ஏற்காடு சாலையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் அந்த ஆபீஸ். ரஞ்சனி இருவரையும் உட்காரச் சொன்னாள். கதவைச் சாத்தினாள்.

"தண்டாயுதபாணி, நல்ல சேதி ஒண்ணு இருக்கு. முதல்ல அதச் சொல்லிடறேன். சட்டையப் பத்தி நீங்க சொன்னது உண்மை. பேட்ஜுல பட்டது உங்க உடம்புல படல."

"நான்தான் சொன்னனேங்க" என்று அவன் ஸ்ரீதேவி பக்கம் திரும்பினான். அவள் ரஞ்சனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரத்தத்துல அணு இருக்கில்லையா, அதுக்குள்ள நூல் மாதிரி இருக்கும். கதிர் பட்டா அந்த நூல் அறுந்துபோகும். அறுந்தது தப்பா போய் வேற ஒண்ணோட ஒட்டிக்கும். இப்ப சமீபத்துல அறுந்திருந்தா அது ஒரு மாதிரி தெரியும். ரொம்ப நாளைக்கு முன்னாடி அறுந்து ஒட்டியிருந்தா அது வேற மாதிரி தெரியும். உங்களுக்குப் புதுசு இல்ல."

"பழசு இருக்குதுங்களா?" என்று கேட்டாள் ஸ்ரீதேவி.

"இருக்கு. நிறைய இருக்கு."

கீழே பல் ஆஸ்பத்திரியில் எதையோ ராவுகிற சத்தம் கேட்டது.

"இவ்வளவு பழசு இருக்கணும்னா வருஷக்கணக்கா கொஞ்சங் கொஞ்சமா பட்டிருக்கணும்" என்றாள் ரஞ்சனி. "ஆனா உங்க பேட்ஜ் எல்லா தடவையும் சைபர் காட்டியிருக்கு. உங்க பட்டறையில அத்தனை பேருக்கும் சைபர். எப்படி?"

தண்டாயுதபாணிக்கு சந்திரசேகரின் முகம் ஞாபகம் வந்தது. அவர் கார் சீட்டில் படிந்த இரத்தமும், நடுத்தெரு என்ற சொல்லும். "பேட்ஜு கொஞ்சம் கூச்ச சுபாவமுங்க மேடம்" என்று தொடங்கினான்.

"டிராயர்ல இருந்துச்சுங்க" என்றாள் ஸ்ரீதேவி. "எல்லாரோடதும். நிறைஞ்சுட்டா வேல போயிருமுன்னு."

ரஞ்சனி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். திட்டுவாள் என்று தண்டாயுதபாணி எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். திட்டுக்குப் பதில் சொல்ல அவனிடம் சரக்கு நிறைய உண்டு.

"உங்களுக்குத் தெரியுமா, நான் வருஷக்கணக்கா இந்த சைபரையெல்லாம்தான் கூட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள். "உங்க பட்டறை, உங்கள மாதிரி இன்னும் எத்தனையோ பட்டறை. எல்லாம் சைபர். இந்தத் தொழில்ல ஆளுங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லன்னு எழுதி முடிக்கிற எடத்துல இருந்தேன். நீங்க சட்டைய மறந்து வெக்காம இருந்திருந்தா அப்படித்தான் எழுதியிருப்பேன்."

"அப்ப நான் மறந்தது நல்லதாப் போச்சுங்களா?"

அவள் அதற்குச் சிரிக்க முயற்சி செய்தாள், முடியவில்லை.

ஸ்ரீதேவி முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கேட்கப் போகிறாள் என்று தண்டாயுதபாணிக்குத் தெரிந்தது. அவள் கேட்பதற்குள் தான் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. இதையாவது அவள் வாயால் கேட்கவைக்கக் கூடாது.

"மேடம், எங்களுக்கு ரெண்டு தடவ நிக்காமப் போச்சுங்க. அது என்னாலயுங்களா?"

தமாஷ் கலக்காத அந்தக் குரல் அவனுக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"தெரியாது" என்றாள் ரஞ்சனி. "மழுப்பறதுக்காகச் சொல்லல. உண்மையாவே யாருக்கும் தெரியாது. கதிர் பட்ட ஆம்பளைங்களோட கொழந்தைங்க பத்தி உறுதியாச் சொல்ற அளவுக்கு இன்னும் யாரும் கண்டுபிடிக்கல. கண்டுபிடிக்கணும்னா யாருக்கு எவ்வளவு பட்டதுன்னு தெரிஞ்சிருக்கணும். அதுதான் டிராயர்ல போயிடுச்சே." பிறகு ஸ்ரீதேவியின் பக்கம் திரும்பினாள். "ஆனா உங்கள மட்டும் சோதிச்சுப் பாத்துட்டு உங்களாலதான்னு யாராவது சொல்லியிருந்தா, அது தப்பு. அவங்க பாதிதான் பாத்திருக்காங்க. இனிமே பாக்கிற டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போங்க. இவர் என்ன வேலை செஞ்சாருங்கறத முதல் வார்த்தையா சொல்லுங்க."

ஸ்ரீதேவி தலையை ஆட்டினாள். கிடைத்த பதில் ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. வேண்டியது கிடைக்காவிட்டாலும் எதிரே இருக்கிறவர் ஒளிக்கவில்லை என்று மட்டும் அவளுக்கு விளங்கியது போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை; துடைக்கும்படி ஒன்றும் வரவில்லை. தறி நின்றுபோன கூடத்தில் ஆட்கள் நிற்பார்களே, அப்படி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இனி என்னாகுமுங்க?" என்றான் தண்டாயுதபாணி.

"ஒண்ணும் ஆகாமலேயே எழுபது வயசு இருக்கலாம். ஆகவும் ஆகலாம். மத்தவங்களவிட உங்களுக்குப் புத்துநோய் வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். வருஷா வருஷம் வந்து இரத்தம் காட்டணும். பயந்துக்கிட்டே இருக்கணும்னு இல்ல, மறந்துடக்கூடாது."

"பட்டறையில வர்ற வாரம் வரச் சொல்றாங்க. புது பேட்ஜு வந்திருக்குது, டேங்கரும் வரிசையா நிக்குது." அவன் நிறுத்தினான். சந்திரசேகர் நல்லவர் என்று சொல்ல நினைத்தான். காளிதாஸ் ஒருத்தனாகவே சுற்றிக்கொண்டிருக்கிறான் என்றும். எதுவும் கேள்விக்குப் பக்கத்தில் வரவில்லை. "போலாமுங்களா?"

"சட்டை சம்பவத்துல உங்கமேல படலங்கறது உறுதி ஆயிடுச்சு. அதனால விதிப்படி பாத்தா உங்களத் திரும்ப எடுத்துக்கலாம். தடை எதுவும்..."

"விதிய உடுங்க மேடம்."

தண்டாயுதபாணி நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தான். பக்கத்தில் ஸ்ரீதேவியின் கை மேஜை ஓரத்தைப் பிடித்திருந்தது. நகத்துக்கடியில் பஞ்சுத் தூள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நான் உங்க ஊட்டுக்காரரா இருந்தா, என்னைய அந்த வேலைக்கு அனுப்புவீங்களா?"

ரஞ்சனி சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். மேஜைமேல் கிடந்த கண்ணாடியை எடுத்தாள், போட்டுக்கொள்ளவில்லை.

"அனுப்ப மாட்டேன்" என்றாள். "ஒரு நாள்கூட அனுப்ப மாட்டேன்."